நூற்றுப் பதினைந்து வெள்ளி

வங்கிப் படிவத்தின் ஏழாவது கட்டம்
என்னைக் கண்டதும் தொண்டையைக் கனைக்கும்:
கல்வித் தகுதி.
கோடு போடவா, சும்மா விடவா
என்று யோசிப்பதற்குள்
கடன் பிரிவுத் தம்பி
ஏர்கானை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறான்.
வியர்வை என்று நினைத்துவிட்டான் போல.
என் சட்டையில் இருப்பது
பிடோக் சமையற்கட்டு ஒன்றின்
நேற்றைய எண்ணெய்.

ஆறாம் வகுப்பில் என்னை
இஎம்-மூன்றில் போட்டார்கள்.
கணக்கில் இருபத்தெட்டு.
உயர்நிலை இரண்டில்
மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை
பள்ளிக்குப் போகும் பேருந்தில் ஏறி
இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை.
அவ்வளவுதான்.
கேட்டவர்களுக்கெல்லாம்
ஆளுக்கொரு காரணம் சொன்னேன்.

முதல் கம்பெனி,
டன்லப் தெருவில் தொலைபேசி அட்டை.
ஞாயிற்றுக்கிழமை வரிசை முக்கு திரும்பி நிற்கும்.
இலவசமாய்ப் பேசலாம் என்றொரு செயலி வந்தது;
பதினோராயிரம் வெள்ளி அட்டைகளை
என் மகன் சீட்டு வீடு கட்டித் தீர்த்தான்.

இரண்டாவது, இஸ்திரி.
ஜூரோங் புளோக்குகளில் ஏறி இறங்கி
சட்டை வாங்கி, சட்டை கொடுத்து.
வேனின் கியர்பாக்ஸ் போனது,
அதே வாரம் கூட்டாளியும் போனான்.

மூன்றாவதைக் கேட்காதீர்கள்.
உறைந்த பரோட்டா.
கரண்டே போகாத ஊரில்
யாருடைய விளக்குமாறோ
என் ஃப்ரீசரின் செருகியைத் தட்டிவிட்டது.
சனி இரவு. திங்கள் காலைதான் பார்த்தேன்.

பெயருக்குப் பதினைந்து, பதிவுக்கு நூறு:
தொடங்குகிறவளிடம்
சர்க்கார் கேட்டது அவ்வளவே.
தோற்றதற்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை,
சொந்தக்காரர்களைத் தவிர.
தேக்கா மீன்கடை முன்னால் நிறுத்தி
"இப்போ என்னம்மா பண்றே?" என்பார்கள்.
அந்த 'இப்போ'வில்
ஓர் அழுத்தம் இருக்கும்.

நான்காவது மேலிருந்து விழுந்தது.
தியோவின் சீ சார் கடையில்
ஹோர் ஃபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
புகைக்குழாயிலிருந்து
கறுப்பாய் ஒரு சொட்டு, தட்டின் நடுவில்.
கத்தியிருக்க வேண்டும்.
அண்ணாந்து பார்த்தேன்.
பார்த்தபடியே இருந்தேன்.
தியோ கேட்டார்: "போலே?"
"போலே" என்றேன்.
நான் தேறிய ஒரே நேர்முகத் தேர்வு.

அன்றிரவு இரண்டு மணிக்குக்
குழாய்க்குள் நுழைந்தேன்.
தோள் கொள்ளும் அகலம்,
நெற்றியில் விளக்கு.
ஏணியைப் பிடித்திருந்த ரஃபிக்குல்
பயமாயில்லையா என்று கீழிருந்து கூவினான்.
இதைவிட இருட்டில் இருந்திருக்கிறேன், தம்பி.
அங்கெல்லாம் வாடகைக் கடிதம் வரும்.
இது வெறும் பிசுக்கு.
சுரண்டினால் வந்துவிடும்.

இப்போது பதினேழு பேர்,
மூன்று லாரி, ஊபியில் ஒரு யூனிட்.
ரஃபிக்குல்தான் இரவு ஷிஃப்டுக்கு மேலாள்.
குழாயின் நீளத்தைப்
பிசுக்கின் தடிமனால் பெருக்கி
மாடிக்குக் கொஞ்சம் கூட்டி
நின்ற இடத்திலேயே விலை சொல்வேன்.
கணினி பிறகு வந்து ஒத்துக்கொள்ளும்.
அந்த இருபத்தெட்டு
வேறு யாருடைய தாளோ
என்று சில நேரம் தோன்றும்.

தம்பி பேனாவை உருட்டியபடி கேட்கிறான்:
"இதுவும் படுத்துவிட்டால், மேடம்?"
கைப்பையின் உள்ளறையைத் திறந்து காட்டுகிறேன்.
ஒரு நூறு, ஒரு பத்து, ஒரு ஐந்து.
பதினோரு வருஷமாய்
மடிப்புக் கலையாத தாள்கள்.
அவன் சிரிக்கவில்லை.
மனதுக்குள் கூட்டுகிறான், உதடு அசைகிறது.

ஏழாவது கட்டம் அப்படியே இருக்கட்டும்.
கடைசிப் பக்கத்தில் கையெழுத்து:
மொழியரசி.
ழகரத்தின் வால் வழக்கம்போல
கோட்டில் நிற்காமல் கீழே இறங்கி
பொடி எழுத்து விதிமுறைகளின் மேல்
ஓடுகிறது.